பெயர் மாற்றும் ஸ்கிரிப்ட்

நான் எழுதிய புரோகிராம்களில் கடைசிவரை ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது ஒன்றே ஒன்றுதான். மொத்தம் பன்னிரண்டு வரி. ஒரு ஃபோல்டரைக் கொடுத்தால் அதற்குள் புகுந்து, எங்கெல்லாம் எழுதியவன் பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் அதைத் துடைத்துவிட்டு வேறொரு பெயரைப் போடும். எந்த வரியை யார் எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று கம்ப்யூட்டர் ஒரு சரித்திரம் வைத்திருக்கும் அல்லவா, அதையும் விடாது. பெயர், தேதி இரண்டையும் மாற்றிவிடும். திருப்பதி பாலாஜி காலனியில் சுரேஷ்பாபு நடத்திய புராஜெக்ட் சென்டருக்காக எழுதியது அது.

புராஜெக்ட் சென்டர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவனும் சொந்தமாக ஒரு புராஜெக்ட் செய்து காட்டவேண்டும் என்பது சட்டம். பாதிப் பேர் செய்வதில்லை என்பது வழக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் சுரேஷ்பாபு கடை போட்டிருந்தார். தலைப்பு, புரோகிராம் கோடு, நூறு பக்க ரிப்போர்ட், கோல்டு எழுத்து பைண்டிங், வைவாவில் என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று இரண்டு மணி நேர வகுப்பு, எல்லாம் ஒரே பேக்கேஜ். கோடு எழுதுகிறவன் நான். பெயர் கிளாட்வின், ஊர் சித்தூர், படிப்பு இன்டர் ஃபெயில், உங்கள் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ. பத்து வருஷத்தில் நானூறு பேரை பி.டெக். பாஸ் பண்ணவைத்த இன்டர் ஃபெயில் இந்த ராஜ்யத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டால் உங்கள் இஷ்டம்.

ஃபெயில் ஆன கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. 2011 பிப்ரவரியில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. லேப் கம்ப்யூட்டரில் அன்றைய ரிசல்ட் ஃபைல் பாதி எழுதினபடி நின்று கெட்டுப்போய்விட்டது. மறுபடி ரத்தம் எடுக்கவேண்டும் என்றார்கள். அம்மா கையில் நரம்பு கிடைக்கவில்லை. நாலு இடத்தில் குத்தினார்கள். அவள் செத்தது அதனால் இல்லை, வியாதி வேறு. ஆனால் அந்த நாலு குத்து எனக்கு இன்னும் ஆறவில்லை. பதினேழாம் தேதி அடக்கம் பண்ணினோம். மார்ச்சில் பரீட்சை. கணக்குப் பேப்பரில் ஹால் டிக்கெட் நம்பரை எழுதிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நைனா, அதாவது என் அப்பா ஜெபதாஸ், மிஷன் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். பள்ளிக்கூடம் எடைக்குப் போட இருந்த ஒரு கம்ப்யூட்டரை ஹெட்மாஸ்டரிடம் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். அதில்தான் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு முறை சபைப் பாடகர் குழுவில் பழகியது. நான் டெனர், ஆண்களில் மேல் குரல். எங்கள் சபையில் ஸ்வரம் பார்த்துப் பாடுவது டானிக் சோல்ஃபா முறையில்: டோ, ரே, மீ, ஃபா, ஸோ, லா, டீ. ஒரு வரியை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் பாடவேண்டும், தப்பினால் முதலிலிருந்து. மற்றவர்கள் எழுதிய சிஸ்டம் கோடையும் அப்படியேதான் படித்தேன். காலையில் எழுந்து உட்கார்ந்து வாய்விட்டு ஒவ்வொரு வரியாக, புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து.

நைனா காப்பியோடு வந்து நிற்பார். "இன்னாடா, ஜெபம் பண்றியா, யாரையானா திட்டிக்கினு கீறியா?"

இரண்டும்தான்.

நாலு வருஷம் இப்படிப் படித்தும் அடித்தும் எழுதியும் ஒரு ஃபைல் சிஸ்டம் செய்தேன். ஃபைல் சிஸ்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர் தன் தகவலை டிஸ்கில் எப்படி அடுக்கி வைக்கிறது என்கிற ஏற்பாடு. என்னுடையதில் ஒரு விசேஷம், எந்த நொடியில் கரண்ட் போனாலும் எழுதியது கெடாது. புதியது முழுதாக எழுதி முடியும்வரை பழையதைத் தொடாது. டிஸ்கில் ஒவ்வொரு முறை எழுதுவதும் ஏழு படியாக நடக்கும். படிகளுக்கு டோ, ரே, மீ என்றே பெயர் வைத்தேன். ஃபாவில் கரண்ட் போனால், திரும்ப வரும்போது ஃபாவில் நின்றோம் என்று அதற்குத் தெரியும்.

இந்த டிஸ்க் நம்முடையதுதானா என்று கம்ப்யூட்டர் அடையாளம் பார்க்க, டிஸ்கின் முதல் இடத்தில் ஒரு நம்பர் பொறித்து வைக்கவேண்டும். எதை வேண்டுமானாலும் வைக்கலாம். 17022011 என்று வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யார் இருந்தார்கள்?

2019 பிப்ரவரியில் ஸ்ரீப்ரியா சென்டருக்கு வந்தாள். அப்பா கண்ணபிரான், கோயில் கைங்கரியத்தில் இருக்கிறவர், கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் வீடு. கல்லூரியில் ஒரு அம்மையார் அவளுடைய தலைப்பை மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார். ஆன்லைன் ஓட்டுப்பதிவு, ஹாஸ்டல் மேனேஜ்மென்ட் என்று நாங்கள் விற்கிற சரக்கெல்லாம் அந்த அம்மையாருக்கு அத்துப்படி. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஏதாவது செய்துகொண்டு வா, இல்லாவிட்டால் இந்த வருஷம் பாஸ் இல்லை என்றுவிட்டார். சுரேஷ்பாபு என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பழைய புராஜெக்ட் எதையாவது பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கலாம்.

"நான் ஒண்ணு பண்ணி வெச்சிக்கீறேன், பாக்கறியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் பார்த்தாள். அதுதான் வினையே. மற்ற பிள்ளைகள் வைவாவுக்கு மனப்பாடம் பண்ணுவார்கள். இவள் மூன்றாம் நாள் வந்து, "மீ முடியறதுக்கு முன்னாடி கரண்ட் போய், திரும்ப வந்து, மறுபடி மீலயே போனா என்ன ஆகும் அண்ணா?" என்று கேட்டாள். வருஷக்கணக்காக நான் ஒருவனே கேட்டு நான் ஒருவனே பதில் சொல்லிக்கொண்டிருந்த கேள்வி. "இது ஸரிகமதானே?" என்று சிரித்தாள். இல்லையம்மா, இது சர்ச் சங்கதி என்றேன். "இந்த நம்பர் என்ன அண்ணா?" என்றும் கேட்டாள்.

"சும்மா ஒரு நம்பர்."

காதல் என்று நினைத்துவிடாதீர்கள். அதைவிடக் கேவலம். எனக்கு ஒரு வாசகி கிடைத்துவிட்டாள், அந்தப் புளகாங்கிதத்தில் மூளை வேலை செய்யவில்லை.

சென்டரில் ஒரு நடைமுறை உண்டு. 'டெலிவரி' என்ற ஃபோல்டரில் எதைப் போட்டாலும் என் ஸ்கிரிப்ட் தானாக ஓடி மாணவர் பெயரைப் பதித்துவிடும். தினமும் பத்து டெலிவரி நடக்கிற சீஸன். காப்பி எடுத்து அதைப் போடவேண்டும் என்கிற அறிவில்லாமல், பழக்க தோஷத்தில், நாலு வருஷ சரித்திரத்தோடு இருந்த அசலையே தூக்கி அதில் போட்டேன். இரண்டு செகண்டில் வேலை முடிந்தது. திறந்து பார்த்தால் 2014 முதல் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும், சென்டர் வாசலை மிதிப்பதற்கு முன்பே, 2019 ஜனவரியில் ஸ்ரீப்ரியா எழுதியிருந்தாள். என்னிடம் மிஞ்சியது பென் டிரைவில் இருந்த வெறும் ஃபைல்கள். பெயர் இல்லை, தேதி இல்லை. கொஞ்சம் வலித்தது, ஆனால் போகட்டும் என்று விட்டேன். நாங்கள் விற்கிற புராஜெக்டெல்லாம் வைவா முடிந்த மறுநாளே குப்பைக்குப் போகிறவை. இதுவும் போயிருக்கும், எனக்குத்தான் அருமை தெரியும், வேறு யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

போன வருஷத்தோடு சென்டரும் படுத்துவிட்டது. பிள்ளைகள் இப்போது ஏ.ஐ.யிடம் கேட்கிறார்கள், அது இனாமாக எழுதித் தருகிறது. என் வயிற்றிலடித்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. நான் செய்த பாவத்தை இப்போது அது செய்கிறது. வேலை தேடினேன். ரேணிகுண்டா ஏர்போர்ட் ரோட்டில் ஒரு கம்பெனி, பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மெஷின் செய்கிறது. பெயர் சொல்லமாட்டேன், வக்கீல் நோட்டீஸ் தாங்குகிற உடம்பில்லை. 'பட்டம் தேவையில்லை, நீங்கள் எழுதிய கோடை அனுப்புங்கள்' என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். பட்டம் தேவையில்லை என்று அச்சில் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பென் டிரைவில் இருந்ததை அனுப்பினேன். இரண்டே நாளில் நேரில் வரச்சொல்லி மெயில் வந்தது.

நைனா என் வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டார். "டேய், உன் பேர அவனுங்கோ பாத்துட்டாங்கோ பாரு" என்று கேட் வரைக்கும் வந்து சொன்னார். சித்தூரிலிருந்து திருப்பதி பஸ். பூதலப்பட்டு தாண்டும்வரை மனதுக்குள் பாடிக்கொண்டே போனேன்.

கண்ணாடி ரூம். டெக்னிகல் ஹெட் ரகுநந்தன், ஐம்பது வயது, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம். உட்காரச் சொல்லிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். இடது பக்கம் நான் அனுப்பியது. வலது பக்கம் அவர்கள் மெஷினில் ஓடுகிற ஃபைல் சிஸ்டம். ஒன்றாக இருந்த வரிகள் மஞ்சளாகத் தெரிந்தன. திரை முழுக்க மஞ்சள்.

"மிஸ்டர் கிளாட்வின், எங்க லீட் எழுதி அஞ்சாறு வருஷமா பப்ளிக்கா போட்டு வெச்சிருக்கற கோடை எங்களுக்கே அனுப்பறீங்க. ஸ்டேட் பேரை மட்டும் டோ ரே மீன்னு மாத்தியிருக்கீங்க. போலீஸுக்குப் போகலாம், போகல. ஏன் இப்படிப் பண்றீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன்."

வலது பக்கத்தை மேலேயிருந்து படித்தேன். என் குழந்தைதான். படிகளுக்கு ஸ்டேட் ஒன்று, ஸ்டேட் இரண்டு என்று பெயர் மாறியிருந்தது. ஆனால் ஆறாவது படி, என் லா, நான் எழுதினபடி இல்லை. மட்டமான மெமரி கார்டு, எழுதாமலேயே எழுதிவிட்டேன் என்று பொய் சொல்லும்; என் கோடு அதை நம்பிவிடும். அந்த ஓட்டை அங்கே அடைக்கப்பட்டிருந்தது. 'மூவாயிரம் முறை பேட்டரியைப் பிடுங்கிச் சோதித்தது' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. நானாகக் கண்டுபிடித்திருக்கவேண்டியது.

கதவைத் திறந்துகொண்டு அவர்களுடைய லீட் வந்தாள். ஸ்ரீப்ரியா. என்னைப் பார்த்ததும் கதவின் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றாள்.

"இவர தெரியுமா?" என்றார் ரகுநந்தன்.

அவள் திரையில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றேன். "டிஸ்க் மேல மொத மொத பதியற நம்பர் ஒண்ணு கீது. பேரெல்லாம் மாத்தலாம், அத்த மாத்த முடியாது. மாத்தினா ஓடிக்கினு இருக்கற மெஷின் எல்லாம் தன் டிஸ்க்கையே தெரியாதுன்னு சொல்லிடும். அது இன்னா நம்பருன்னு அவங்கள கேளுங்க."

ரகுநந்தன் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தபடி, "சும்மா ஒரு நம்பர் சார். ரேண்டம்" என்றாள்.

நான் சொன்ன பொய். ஆறு வருஷமாக அதைப் பத்திரமாக வைத்திருந்து எனக்கே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கம்மாவ அடக்கம் பண்ண தேதி சார். பதினேழு, ரெண்டு, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. சித்தூர்ல எங்க சர்ச்ல அடக்கப் பதிவேடு கீது. கிருபாபாய்ன்னு பேரு எழுதியிருக்கும். வந்து பாக்கலாம்."

ஸ்ரீப்ரியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. கண்ணில் தண்ணீர் நின்றது. ரகுநந்தன் அவளை வெளியே போகச் சொன்னார்.

கதவு மூடியதும் அவர் குரல் மாறிவிட்டது. நம்பிவிட்டார் என்று தெரிந்தது, நம்பியதால்தான் பயந்தார். "டெஸ்டிங்ல ஒரு போஸ்ட் இருக்கு. டிகிரி இல்லாம இந்த பில்டிங்குள்ள உங்களுக்கு முன்னாடி யாரும் வந்ததில்ல. இந்தக் கோட் மேல எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடுங்க, ஒண்ணாந்தேதி சேந்துடலாம்."

"வேலை டெஸ்டிங்கே இருக்கட்டும் சார். எழுதினது நான்னு ஒரு லைன் போடுங்க. ஃபைலோட தலையில. அது போதும்."

"ஒரு லைன் போட்டா, இத்தனை நாள் அவ பேர் எப்படி இருந்ததுன்னு அடுத்த கேள்வி வரும். திங்கக்கிழமை வரைக்கும் யோசிங்க."

கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் ஸ்ரீப்ரியா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். ஐ.டி. கார்டைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"வைவா முடிஞ்சதும் விட்டுடலாம்னுதான் இருந்தேன் அண்ணா. விட மனசு வரல. நல்லா இருந்தது. நெட்ல போட்டேன். நாலு பேர் எடுத்துண்டா. அப்புறம் இங்க கூப்பிட்டா. எந்த எடத்துல நிறுத்தி இது என்னோடது இல்லன்னு சொல்லணும்னு எனக்குத் தெரியல."

"மொத எடத்துலயே."

"நீங்க வித்தேள். நான் வாங்கினேன். பேர மாத்தினது உங்க கைதானே?" என்றாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "மூவாயிரம் தடவை பேட்டரி பிடுங்கினது நான். விரல் தோல் உரிஞ்சு போச்சு. அதுவும் பொய்யா?"

அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஐ.டி. கார்டை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு அவளே சொன்னாள். "சொல்லுங்கோ. திங்கக்கிழமை நானே எல்லாருக்கும் எழுதிடறேன். வேலை போகும். வாங்கின புராஜெக்ட்னு தெரிஞ்சா டிகிரியும் நிக்காது. பரவால்ல. நீங்க சொன்னா சொல்லிடறேன்."

இந்த இடத்தில் நல்ல மனுஷன் என்றால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சர்ச்சில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். ஆனால் நானூறு பேருக்கு என் பெயரைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, ஒன்றே ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

"சொல்லு" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி முழுக்க மெயில் போனது, எனக்கும் ஒரு பிரதி. அதையே இன்டர்நெட்டில் அந்த ஃபைல் சிஸ்டம் இருக்கும் பக்கத்திலும் போட்டாள். 'இதை எழுதியவர் சித்தூர் ஜெ. கிளாட்வின். 2019-ல் என் கல்லூரி புராஜெக்டாக நான் இதை விலைக்கு வாங்கினேன். ஆறு வருஷம் என் பெயரில் வைத்திருந்தது தவறு.' அவ்வளவுதான். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூவாயிரம் தடவையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை.

பதினோரு முறை படித்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைக்கமாட்டேன். சமையற்கட்டில் இருந்த நைனாவைக் கூப்பிட்டு, "நைனா, பஸ்ஸுல கண்டக்டருங்கோ வெச்சிக்கினு கீறாங்களே டிக்கெட் மெஷினு, அதுக்குள்ள ஓடறது நான் எழுதினது. என் பேரு போட்டுட்டாங்கோ" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தலையில் கைவைத்து அங்கேயே ஜெபம் பண்ணினார். அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம், "அந்த மெஷின கொஞ்சம் காட்டு நைனா, எம்மவன் பண்ணது" என்று கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார். பாதி கண்டக்டர்கள் வைத்திருந்தது வேறு கம்பெனி மெஷின். எல்லாமே என்னுடையது என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை சுரேஷ்பாபு போன் பண்ணினார். "நா கொம்ப முஞ்சேசாவு கதய்யா" என்று ஆரம்பித்து, என் குடியைக் கெடுத்துவிட்டாயே என்று அரைமணி நேரம் தெலுங்கில் அழுதார். பழைய மாணவர்கள் வரிசையாக அவரைக் கூப்பிட்டுத் தங்கள் பெயர் வெளியே வந்துவிடுமா என்று கேட்கிறார்களாம். ஐதராபாத்தில் ஒருவன் மேனேஜராம், பெங்களூரில் ஒருவனுக்கு அடுத்த வாரம் கல்யாணமாம்.

வெள்ளிக்கிழமை ரகுநந்தன். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் மோசம். "உங்க மேல தப்பு சொல்லல. ஆனா பேப்பர் இல்லாத கோடை மெஷின்ல வெச்சுக்க முடியாதுன்னு லீகல்ல சொல்லிட்டாங்க. எல்லா மெஷின்லேருந்தும் எடுத்துடறோம்."

"நான் எழுதித் தரேன் சார். இனாமா. யாரு வேணா வெச்சிக்கலாம்னு எழுதித் தரேன்."

"நீங்க சென்டருக்கு வித்திருக்கீங்க. சென்டர் அந்தப் பொண்ணுக்கு வித்திருக்கு. அவ எங்களுக்குக் கொடுத்திருக்கா. எதுக்கும் துண்டுச் சீட்டு இல்ல. நாளைக்கு அந்த சுரேஷ்பாபு வந்து நிப்பார். எதுக்கு வம்பு? ரெடிமேடா ஒண்ணு இருக்கு. கொஞ்சம் ஸ்லோ. பரவால்ல." அப்புறம், டெஸ்டிங் போஸ்ட்டும் இப்போதைக்கு இல்லை என்றார்.

கொஞ்சம் ஸ்லோ, பரவால்ல. நாலு வருஷம் நான், ஆறு வருஷம் அவள். அதற்கு மாற்று இரண்டு வாரத்தில் கிடைத்துவிட்டது.

இடையில் ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. "நான் கண்ணபிரான், ஸ்ரீப்ரியாவோட தோப்பனார்" என்றது குரல். திட்டப்போகிறார் என்று தயாரானேன். "நீங்கதானே அந்தப் புரோகிராம் எழுதினது? ரொம்ப நன்னா எழுதியிருக்கேளாம். குழந்தை சொல்லிண்டே இருக்கா. காலேஜ்ல விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கா, அவதான் சாப்பிடாம உக்காந்திண்டிருக்கா. நீங்க ஒரு வார்த்தை பேசினா கேப்பாளோன்னு..." நான் போனை வைத்துவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'நேத்தோட கடைசி மெஷினும் மாறிடுத்து அண்ணா. இனிமே எங்கயும் ஓடல. கூட வேலை பாத்தவா சொன்னா. உங்களுக்குத் தெரியணும்னு தோணித்து.' இன்டர்நெட்டில் அதை எடுத்துப் பயன்படுத்திய மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே கறுப்பெழுத்தில், அசல் ஆசிரியர் ஜெ. கிளாட்வின், சித்தூர். எழுத்துப் பிழை இல்லை. அதன் கீழே சிவப்பெழுத்தில், இதன் உரிமை பற்றித் தகராறு இருக்கிறது, யாரும் பயன்படுத்தவேண்டாம்.

நைனா அதைப் பார்க்கவேண்டும் என்று மூன்று வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை போனில் காட்டினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் நோட்டீஸ் போர்டில் பேப்பர் ஒட்டியவர், இங்கிலீஷ் பெரிய எழுத்தாக இருந்தால் படிப்பார். விரலை வைத்து என் பெயரை இரண்டு முறை படித்தார்.

"கீழ செவப்புல இன்னாமோ போட்டுக்கீதே?"

"அது சும்மா நைனா. எல்லாத்துக்கும் போடறது."

என்னிடம் அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு பாஸ்டர் வீட்டுக்குப் போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் அன்று என்னைப் பாடகர் குழுவில் நிற்கவிடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார். அறிவிப்பு நேரம் வந்தது. பாஸ்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சகோதரர் ஜெபதாஸ் குடும்பத்தார் ஏறெடுக்கும் விசேஷ ஸ்தோத்திர காணிக்கை என்று கவரைத் தூக்கிக் காட்டினார். "நம்ம சபைப் பிள்ளை தம்பி கிளாட்வினை ஆண்டவர் உயர்த்தியிருக்கிறார். படிப்பு இல்லாதவனுக்கு ஞானத்தைக் கொடுத்தவருக்கு ஸ்தோத்திரம். இன்று நம்முடைய பஸ்களில் கண்டக்டர்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு மெஷினிலும் இவர் எழுதிய புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி, எழுந்து நில்லுங்கள்."

எழுந்தேன். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து கைதட்டல் ஆரம்பித்துக் கடைசி பெஞ்ச் வரைக்கும் போனது. டெனர் வரிசையில் என் கூட்டாளிகள் சிரித்துக்கொண்டு கைதட்டினார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நைனாவின் முகம் பக்கத்தில் இருந்தது. அம்மாவை அடக்கம் பண்ணின நாளிலிருந்து அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு காலைப் பார்த்தபடி நின்றேன்.

நைனா கீழேயிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தலைய தூக்கி நில்றா. உன் பேரத்தான சொல்றாங்கோ."